கோப்பையின் காது இடப்பக்கம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எங்கே ர, எங்கே ற என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. ல, ள, ழ மூன்றையும் கைக்கு வந்தபடி போட்டதை என் மகள்தான் திருத்தினாள். இத்தனை வருஷம் கொதிதண்ணீர் தூக்கிய கை, பேனாவைப் பிடித்தால் லேசாக ஆடுகிறது. வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அவளிடமே கேளுங்கள். அவளுக்கு என் எழுத்து பழக்கம்.

கேண்டீனில் தே, காப்பி என்று தண்ணி கலக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். முட்டி வலி வந்து நான் விலகிவிட்டேன், நீங்கள் வந்திருக்கிறீர்கள். தே எப்படி ஆற்றுவது, காப்பித் தூளை எவ்வளவு நேரம் ஊற விடுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் கை தானாகக் கற்றுக்கொள்ளும். எப்போது வாயை மூடிக்கொள்வது, எப்போது திறப்பது என்பதுதான் கஷ்டம். எனக்கு மூடிக்கொள்வது மட்டும் சுலபமாக வரும். நான் கூச்சக்காரன். ஆவிக்குப் பின்னால் நின்று வேலை செய்யலாம், யார் முகத்தையும் நேராகப் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் இந்த வேலையே எனக்குப் பிடித்தது.

ஈப்போவில் பல கடைகளில் வேலை பார்த்துவிட்டுக் கடைசியாக இந்தப் போலீஸ் தலைமையகத்து கேண்டீனுக்கு வந்தேன். எடுத்து நடத்தியவர் காக் யா என்ற மலாய்க்கார அம்மா. சாப்பாடு அவருடையது, தண்ணி என்னுடையது. இடம் உங்களுக்குத் தெரியும். கவாத்துத் திடலின் ஒரு முனையில் மேட்டின் மேல் கேண்டீன். மறு முனையில் கொடிக்கம்பமும் அலுவலகமும். நடுவே தார் போட்ட அந்தப் பெரிய திடல், எல்லோர் வாயிலும் பாடாங்.

வந்த முதல் வாரம், அலுவலகத்துக்குத் தே கொண்டுபோகச் சொன்னார்கள். சுற்றிப் போனால் ஆறிவிடுமே என்று தட்டைத் தூக்கிக்கொண்டு திடலுக்குக் குறுக்கே நடந்தேன். பாதி வழியில் ஒரு சத்தம் வந்தது. மனிதத் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"டேய், யார்ரா அது பாடாங்குல? மனுசனா மாடா?"

அப்படியே நின்றேன். தே தட்டில் சிந்தியது. பெரிய மீசையும் கஞ்சி போட்ட சட்டையுமாக ஒருவர் திடலின் ஓரமாகவே சுற்றி நடந்து, எனக்கு நேராக ஓரத்தில் நின்று, என்னைக் கையசைத்து அங்கே வரவழைத்தார்.

"பேரு என்னா?"

"சுப்ரா, சார்."

"சார் இல்ல, சார்ஜன். எந்த எஸ்டேட்டு?"

எஸ்டேட்டுக்காரன் என்று என் முகத்திலேயே எழுதியிருந்தது போல. "சிம்பாங் பூலாய் பக்கம், சார்ஜன்."

"நான் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம். இங்க பாரு சுப்ரா, இந்தப் பாடாங்க கவாத்து இல்லாம யாரும் மிதிக்க மாட்டான். பெரிய தலையே வந்தாலும் சுத்தித்தான் போவாரு. நீ சிலிப்பரோட குறுக்க வர்ற. மறுபடி வந்தே, தட்ட தலையில வச்சிக்கிட்டு பத்து ரவுண்டு ஓடணும். போ, தே ஆறிப்போச்சு."

அவர்தான் சார்ஜன் மாரிமுத்து. கவாத்துப் பயிற்சி அவர் பொறுப்பு. அன்றிலிருந்து எனக்கு மாரி அண்ணன். அன்றிலிருந்து நானும் சுற்றித்தான் போனேன்.

போலீஸ்காரர்களுக்குத் தண்ணி கலக்குவது கடையில் கலக்குவது போல் இல்லை. கடைக்கு வருகிறவன் பசித்து வருவான். இவர்கள் நேரம் கிடைக்கும்போது வருவார்கள். ஒருவர் இரவு முழுவதும் வண்டியில் உட்கார்ந்து ரோந்து போய்விட்டு, விடிந்ததும் வந்து நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலத்தை நின்றுகொண்டே சாப்பிடுவார். அடுத்த சாப்பாடு எப்போது என்று அவருக்கே தெரியாது, அதனால் இரண்டு. இன்னொருவர் வாயில் வைக்கும்போது போன் அடிக்கும். பாதியை விழுங்கிவிட்டு ஓடுவார். தூக்கம் வரக் கூடாது என்று இனிப்பாக ஒரு தே, கோபம் அடங்க ஒரு சிகரெட், பிணம் பார்த்துவிட்டு வந்தால் பேச்சில்லாமல் ஒரு கட்டிக் காப்பி. வேலைக்குச் சேரும்போது பனைமரம் போல் வருகிற பிள்ளைகள், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு பெல்ட்டுக்குப் புது ஓட்டை போடுவார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை உடம்பு பார்க்கும் வாரம் வரும். எடை, இடுப்பு, ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அந்த வாரம் காக் யாவின் பலகாரம் விற்காது. எல்லோரும் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் கேட்பார்கள். பார்த்து முடிந்த அன்று மத்தியானமே விருந்து. ஆட்டிறைச்சி, அதன் மேல் சிரப் தண்ணி. ஒரு வாரம் பட்டினி கிடந்து ரத்தத்தை ஏமாற்றிவிட்டதாக ஒருவரை ஒருவர் முதுகில் தட்டிக்கொள்வார்கள்.

அந்த வாரத்தைத் தவிர வேறு நாளில் யாராவது சீனி குறைத்துக் கேட்டால் தொலைந்தார். "என்னா மச்சான், நோயாளி ஆயிட்டியா?" என்று ஒரு மேசை. "பென்ஷனுக்கு எழுதிப் போடு லா" என்று இன்னொரு மேசை. பட்டப்பேர் வைத்தால் அந்தப் பேர் மாற்றலாகிப் போனாலும் கூடவே போகும். அதனால் யாரும் கேட்பதில்லை. சீனி வியாதி இருக்கிறவர்களும் இனிப்பாகவே குடித்தார்கள்.

ஒரு வருஷம் உடம்பு பார்க்க வந்தவர்களில் ஓர் ஆஸ்பத்திரி உதவியாளர் இருந்தார். பேர் கேட்கவில்லை, கேட்கிற ஆள் நான் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு தே குடித்தார். ஆட்டிறைச்சி மேசையைப் பார்த்துச் சிரித்தார்.

"இவங்கள்ல எத்தன பேரு காத்து காத்துன்னு சொல்லிக்கிட்டே செத்துப் போவாங்களோ" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நெஞ்சு அடைச்சா உடனே காத்துன்னு தைலம் தேய்ப்பாங்க அண்ணே. ஏப்பம் விட்டா சந்தோசப்படுவாங்க. ஏப்பத்த நம்பாத. ஆளத் தொட்டுப் பாரு. வெயில்ல நின்னவன் ஒடம்பு சுடணும். சில்லுன்னு வேர்த்திருந்தா பேசிக்கிட்டு நிக்காத, வண்டிய எடு. ஒன்னும் இல்லாட்டி அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

தே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வருஷம் உடம்பு பார்த்த சில நாளில், கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம், மாரி அண்ணன் கவுண்டருக்குப் பக்கவாட்டில் வந்து நின்றார். எப்போதும் நடு மேசையில் உட்கார்ந்து குரல் கொடுக்கிறவர்.

"சுப்ரா, ஒன்னு சொல்வேன். செத்தாலும் வெளிய போகக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"வெளிய ஒரு கிளினிக்குல தனியாப் பாத்தேன். சீனி இருக்காம். பிரஷரும் இருக்காம். கொழுப்பு வேற. இங்க பாத்தப்ப தப்பிச்சிட்டேன். இங்க தெரிஞ்சா பாடாங்க விட்டு எறக்கி ஸ்டோர்ல ஒக்கார வச்சிருவானுங்க. சப் இன்ஸ்பெக்டருக்கு என் பேரு மேல போயிருக்கு. இந்த நேரத்துல நோயாளின்னு பேரு வந்தா முடிஞ்சிச்சி."

"என்னாண்ணே செய்யணும்?"

"எனக்கு மட்டும் கோசோங்கா போடு. ஆனா பாக்குறதுக்கு மத்தவங்க தே மாதிரியே இருக்கணும். நான் கேக்க மாட்டேன். நீயா கொண்டாந்து வைக்கணும்."

கோசோங் என்றால் சீனி இல்லாதது. அதிலும் சீனி சேர்ந்த கெட்டிப் பால் ஊற்றினால் பிரயோசனமில்லை. இனிப்பில்லாத டின் பால் ஊற்றினால் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆற்றி நுரை வந்துவிட்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது. அதுதான் சிக்கல். ஒரே தட்டில் ஆறு கோப்பை போகும்போது எது அவருடையது? கோப்பையின் காதை இடப்பக்கம் திருப்பி வைப்பேன் என்றேன். மற்ற எல்லாக் காதும் வலப்பக்கம் இருக்கும்.

அவருக்கு அது பிடித்துவிட்டது. "கவாத்து மாதிரி இருக்கு லா" என்று சிரித்தார். பிறகு விரலை நீட்டி, "சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றார்.

"சொல்ல மாட்டேண்ணே."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நடு மேசையில் அவர் உட்கார்ந்து, "சுப்ரா, என் தே எங்க, சீனி தூக்கலா" என்று எல்லோர் காதிலும் விழக் கத்துவார். நான் காது இடப்பக்கம் திரும்பிய கோப்பையைக் கொண்டுபோய் வைப்பேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆ, இதான் தே" என்று மீசையைத் துடைப்பார். கசப்பு தொண்டையில் இறங்குவது எனக்கு மட்டும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

பிறகு இன்னொன்றையும் பார்த்தேன். கேண்டீனுக்கு ஏறும் படிகளின் நடுவில் நின்று போனைப் பார்க்க ஆரம்பித்தார். முதலில், வயதான காலத்தில் இவருக்கும் போன் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் மேசை துடைக்க வெளியே வந்தபோது பார்த்தேன். போனில் வெளிச்சமே இல்லை. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, மீதிப் படிகளை வேகமாக ஏறினார். நான் மேசை துடைக்கத் திரும்பினேன்.

பெரிய அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்த காலம் அது. காலையிலேயே வெயில் கொளுத்தியது. இடைவேளையில் இளம் போலீஸ் பிள்ளைகள் திடலிலேயே வரிசை கலையாமல் ஓய்வாக நின்று தண்ணீர் குடித்தார்கள். மாரி அண்ணன் மட்டும், கூடவே இரண்டு கான்ஸ்டபிள்களுடன், கேண்டீனுக்கு ஏறி வந்தார். நாற்காலியை இழுத்து உட்காரவில்லை, விழுந்தது போல் உட்கார்ந்தார்.

"சுப்ரா, சுடுதண்ணில இஞ்சி தட்டிப் போடு. காத்து பிடிச்சிக்கிச்சு."

காக் யா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, வெறும் வயிற்றில் வெயிலில் நின்றால் காற்று ஏறாமல் என்ன செய்யும் என்று மலாயில் திட்டிக்கொண்டே தைலப் புட்டியைக் கொடுத்தார். ஒரு கான்ஸ்டபிள் அவர் முதுகில் தேய்த்தான்.

"சார்ஜன், நேத்து டுரியான் எத்தன பழம்?" என்று மற்றவன் கேட்டான்.

"ஒன் வயசுல நான் ஒரு மரத்தையே சாப்டுவேன் லா" என்றார். குரல் அவருடைய குரலாக இல்லை. பிறகு பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். காற்று போய்விட்டது என்று காக் யா அடுப்புக்குத் திரும்பிவிட்டார்.

நான் இஞ்சித் தண்ணியோடு போனபோது மாரி அண்ணன் தலையைக் குனிந்து மெல்லச் சொன்னார். "சீனி எறங்கிருச்சு போல. இனிப்பா ஒன்னு கொண்டா."

பல மாதத்துக்குப் பிறகு அவருக்கு இனிப்பாகக் கலக்கினேன். கோப்பையை அவர் கையில் கொடுக்கும்போது என் விரல் அவர் விரலில் பட்டது. ஐஸ் பெட்டியில் கை விட்டது போல் இருந்தது. சட்டை முழுவதும் வேர்வை, கை மட்டும் சில்லென்று. பாதி குடித்தார். முகத்தில் ரத்தம் இல்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு, "பல்லு வலிக்குது" என்று யாரிடமோ சொன்னார். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டார் போல. கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"ரெஸ்ட்டு முடிஞ்சிச்சி. வாங்கடா எறங்கலாம்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். முதல் தடவை எழ முடியவில்லை.

அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியதை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இது காற்றாக இருந்தால், ஓர் ஏப்பத்துக்காக அவருடைய பதவி உயர்வைக் கெடுத்தவன் ஆவேன். தண்ணி கலக்குகிறவன் போலீஸ் விஷயத்தில் தலையிட்டான் என்று ஊர் சிரிக்கும். இது காற்று இல்லையென்றால், அவர் அந்த வெயிலில் திரும்ப இறங்கிப் போகிறார். ஒன்று தப்பானால் அவர் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம். மற்றது தப்பானால் கேட்பதற்கு ஆள் இருக்காது. யாருக்கும் தெரியாத விஷயம் எனக்கு மட்டும் தெரிந்திருந்ததால்தான் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அவர் நோயில்லாத மாரிமுத்து.

"அவர விடாதீங்க, ஒக்கார வைங்க" என்று அந்த இரண்டு கான்ஸ்டபிள்களிடம் சொன்னேன். நான் பேசியதே அவர்களுக்கு ஆச்சரியம். ஒருவன் அவர் தோளில் கை வைத்தான். நான் வெளியே வந்தேன்.

ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா மறு முனையில், கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்றார். எல்லோரும் அவரைப் புவான் என்று கூப்பிடுவோம். இலங்கைத் தமிழ்க் குடும்பம், ஈப்போவிலேயே பிறந்தவர். அதுவரை நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சுற்றிப் போனால் வேலி ஓரமாக வெகு தூரம்.

திடலில் கால் வைத்தேன்.

ஏப்ரனோடு, சிலிப்பரோடு ஓடினேன். தார் மேல் சிலிப்பர் அடிக்கிற சத்தம் அந்தத் திடல் முழுவதும் கேட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போடுகிற ஆள் மேலே கேண்டீனில் இருந்தார்.

"புவான்" என்றேன். ஓடி வந்த மூச்சில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"என்ன சுப்ரா?"

என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"சார்ஜனுக்கு நெஞ்சு, புவான். காத்துங்கிறாரு. காத்து இல்ல. கை சில்லுன்னு இருக்கு. அவருக்கு சீனி இருக்கு, பிரஷர் இருக்கு, யாருக்கும் தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் புவான் அவருக்கு சீனி இல்லாம கலக்குறேன். சொல்ல வேணாம்னு சொன்னாரு."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ரோந்து வண்டியைக் கேண்டீன் படிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு திடலுக்குள் இறங்கி நடந்தார், குறுக்கே, என் பக்கத்தில். அவர் பூட்ஸ் சத்தமும் என் சிலிப்பர் சத்தமும் சேர்ந்து கேட்டன.

புவான் உள்ளே நுழைந்ததும் மாரி அண்ணன் எழுந்து நின்றார். அதுவரை எழ முடியாத மனிதர், விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அடித்த கை இறங்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கான்ஸ்டபிள்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒன்னும் இல்ல புவான், காத்து."

"காத்து எண்டால் நல்லம். ஆஸ்பத்திரியில காட்டிப்போட்டு வந்து என்னை ஏசுங்கோ. இப்ப வண்டியில ஏறுங்கோ."

"ஒத்திகை பாதியில நிக்குது புவான்."

"இது உத்தரவு, சார்ஜன்."

அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவருடைய உடம்பு பணிந்தது. யாரோ போனில் ஆம்புலன்ஸ் கேட்டார்கள். அது வேறு இடத்துக்குப் போயிருந்தது. வண்டிக் கதவைத் திறந்தபோது புவான் என்னைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்கோ, டாக்டர் கேட்டால் சொல்ல வேணும்" என்றார்.

வண்டிக்குள் மாரி அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒன்ன நம்புனேன் லா சுப்ரா."

சைரன் அலறிக்கொண்டு வண்டி போனது. கொஞ்ச தூரம் போனதும் அவர் கை என் ஏப்ரனின் நுனியைப் பிடித்தது. ஆஸ்பத்திரி வரும் வரை அதை விடவில்லை.

அங்கே ஓர் இளம் சீன டாக்டர் மலாயில் வேகமாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாத்திரை என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டபோது நான் விழித்தேன். படுத்திருந்த மாரி அண்ணன் தானே சொன்னார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, மேசையில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வாங்கியதோடு சரி என்றார். அவர் ஒளிக்காமல் பேசியது அன்றுதான். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

லெட்சுமி அக்கா, அவர் மனைவி, வந்து சேர்ந்தபோது இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சீனி என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கே தெரியாதே சுப்ரா. தெனமும் காலையில மூனு கரண்டி போட்டுக் குடுக்குறேன். ஒன்னும் சொல்லாம குடிச்சிட்டுப் போவாரே."

என்னிடம் கசப்பாகக் குடித்ததெல்லாம் வீட்டில் இனிப்பாகக் குடித்ததற்குக் கணக்குச் சரிக்கட்டவா என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் அது.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்து டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். இருதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று அடைத்திருந்தது, திறந்துவிட்டோம், பிழைத்துக்கொள்வார் என்றார். இன்னும் கொஞ்சம் வெயிலில் நின்றிருந்தால் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருப்போம் என்றும் சொன்னார்.

லெட்சுமி அக்கா அழவில்லை. எழுந்து போய் ஆஸ்பத்திரிக் கேண்டீனில் எனக்கு ஒரு தே வாங்கி வந்தார். பழைய தூள், ஆறிய தண்ணீர், பால் திரிந்திருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அதற்குப் பிறகுதான் நான் இன்னும் ஏப்ரனோடு நிற்கிறேன் என்பதும், அதில் இஞ்சி வாசம் அடிக்கிறது என்பதும் தெரிந்தது. கழற்றப் பார்த்தேன். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை.

ஆனாலும் அவரைப் பார்க்க வார்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டியில் அவர் சொன்னது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. புவான் கேட்டார், போய்ப் பார்த்தீர்களா என்று. காக் யா கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். கடைசியில் லெட்சுமி அக்கா போன் செய்து, "ஒன்ன வரச் சொன்னாரு" என்றார்.

கட்டிலில் மெலிந்து கிடந்தார். மீசை கூட இளைத்தது போல் இருந்தது. நான் காலடியில் நின்றேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாடாங்குல குறுக்க ஓடுனியாமே?"

"ஆமாண்ணே."

"சிலிப்பரோட?"

"ஆமாண்ணே."

"புவானும் குறுக்கதான் வந்தாங்களாமே?"

"ஆமாண்ணே."

"புவான நான் ஒன்னும் செய்ய முடியாது. நீ, நான் எழுந்து வந்தோன, தட்ட தலையில வச்சிக்கிட்டு பத்து ரவுண்டு."

"சரிண்ணே" என்றேன். அவர் சிரித்தார், உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத லா, தையல் இல்லாட்டியும் வலிக்குது" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் என்னை முறைத்தார். நான் மாரி அண்ணன் காலைத் தொட்டேன். கால் சூடாக இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. கவாத்தும் ஒரு கோப்ரலிடம் போனது. அவர் பயந்தபடியே ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார், என்னிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும். பிறகு ஸ்டோரைக் கவாத்துத் திடல் போல் ஆக்கிவிட்டார். அங்கே ஒரு பூட்ஸ் கூட வரிசை மாறி நிற்காது. காலையில் திடலின் ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடந்தார். மாத்திரையைக் கேண்டீனில் எல்லோரும் பார்க்க விழுங்கினார். தேயை மட்டும் அப்போதும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் காது இடப்பக்கம் திருப்பிக் கொண்டுபோய் வைப்பேன். பழக்கம்.

சில நாளில் வேறு ஒன்று நடந்தது. அன்று முதுகில் தைலம் தேய்த்த அந்தக் கான்ஸ்டபிள் கவுண்டருக்குப் பக்கவாட்டில் வந்து நின்றான்.

"அண்ணே, சார்ஜன் மாதிரி எனக்கும் காது இடப்பக்கம்."

பிறகு ஒரு கோப்ரல். பிறகு போக்குவரத்துப் பிரிவில் இரண்டு பேர். ஒவ்வொருவரும் தனியாக, ஏதோ திருட்டுப் பொருள் வாங்குவது போல் வந்தார்கள். யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒன்று சொன்னேன். "திருப்பி வைக்கிறேன் தம்பி, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு நாளு நெஞ்சு அடைச்சிச்சி, மூச்சு வாங்குச்சின்னா சொல்லிருவேன். அதுக்குச் சம்மதமா?" எல்லோரும் சம்மதித்தார்கள். கூச்சக்காரனான நான் இத்தனை பேரிடம் இந்தப் பேச்சைப் பேசினேன் என்பது எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு நாள் புவானுக்குக் கோப்பையை வைத்தேன். அவர் என் தட்டைப் பார்த்தார், தன் கோப்பையின் காதை இடப்பக்கம் திருப்பினார், மறுபடி பைலைப் படிக்க ஆரம்பித்தார். மறுநாளிலிருந்து அவருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒருவர் எப்படிக் குடிக்கிறார் என்பது அவர் ரகசியம், அதை உங்கள் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரகசியமே ஆளைக் கொல்லப் போகிறது என்று தோன்றினால், நிச்சயமாகத் தெரியும் வரை காத்திருக்காதீர்கள். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. சில்லென்ற கை ஒன்றுதான் தெரியும். சீனி குறைத்துக் கேட்கிறவரைப் பார்த்துச் சிரிக்கிற மேசைக்குத் தண்ணி கடைசியாகப் போகட்டும். அந்த அதிகாரம் நமக்கு உண்டு.

இதை முன்பே எழுதியிருப்பேன். மாரி அண்ணன்தான், "நான் யூனிபோர்ம கழட்டுற வரைக்கும் எழுதாத" என்றார். இன்று அவர் பணி ஓய்வு பெற்றார். நீங்கள் கவுண்டரில் நின்றதால் நானும் ஒரு விருந்தாளியாக மேசையில் உட்கார்ந்திருந்தேன். படியில் எங்கும் நிற்காமல் ஏறி வந்தார். கேண்டீன் நிறையக் கூட்டம். நடு மேசைக்கு வந்து, பழைய அந்தத் திடல் குரலை எடுத்தார். இத்தனை வருஷமாக ஸ்டோரில் பூட்டி வைத்திருந்த குரல்.

"சுப்ரா. தே. கோசோங்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் பேர் வைக்கவில்லை. பின்னால் ஒரு மேசையிலிருந்து, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பையன், "எனக்கும் ஒன்னு அண்ணே" என்றான். இன்னொரு மேசையில் இன்னொரு கை எழுந்தது.

நான் எழுந்து உள்ளே போனேன். நீங்கள் இடம் விட்டீர்கள். கலக்கி எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன், கை பழக்கத்தில் காதை இடப்பக்கம் திருப்பி. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளிவிட்டார்.

"இனிமே எந்தப் பக்கம் இருந்தா என்னா லா" என்றார். குடித்தார்.

ஈப்போ,
29 ஆகஸ்டு 2025, வெள்ளிக்கிழமை.